மலைக் கல்லூரியில் உறக்கத்தை அளப்பது

உதகையிலோ குன்னூரிலோ கூடலூரிலோ உள்ள ஒரு கல்லூரியில் மாணவர்களின் உறக்கத் தரத்தை அறிய ஒரு துறை முடிவெடுத்தால், அது பெரும்பாலும் கையில் எடுப்பது ஒரு கூகுள் படிவத்தைத்தான். செலவு கிடையாது, வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் இணைப்பை அனுப்பினால் சில நாட்களில் விடைகள் வந்து சேர்ந்துவிடும், மதிப்பெண்ணைக் கணினியே கூட்டித் தந்துவிடும். மூளை அலை, கண்ணசைவு, தசை இறுக்கம், மூச்சு ஆகியவற்றை இரவு முழுதும் பதியும் ஆய்வகப் பரிசோதனையை ஒரு கல்லூரி முழுவதற்கும் செய்ய வழியில்லாதபோது படிவத்தை நாடுவதில் தவறும் இல்லை. ஆனால் அந்தப் படிவம் எதை அளக்கிறது, எதைக் கூட்டி மறைத்துவிடுகிறது என்பதைப் பாராமல் ‘எங்கள் மாணவர்களில் இத்தனை விழுக்காட்டினர் மோசமாக உறங்குகிறார்கள்’ என்று எழுதிவிட்டால், குளிரில் நடுங்கி விழித்திருப்பவரும் கவலையில் விழித்திருப்பவரும் ஒரே எண்ணுக்குள் அடைபட்டுவிடுவார்கள். முன்னவருக்கு வேண்டியது இன்னொரு கம்பளி, பின்னவருக்கு வேண்டியது ஆலோசகர். மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்க்கும் ஆய்வால் இவ்விருவரையும் பிரித்துச் சொல்ல முடியாது.

இத்தகைய ஆய்வுகளில் மிகுதியாகப் புழங்குவது பிட்ஸ்பர்க் உறக்கத் தரக் குறியீடு. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேனியல் பைஸும் அவருடைய குழுவினரும் 1989-இல் வெளியிட்ட கருவி அது. கடந்த ஒரு மாதத்தை மனத்தில் வைத்து ஒருவர் தாமே விடையளிக்க வேண்டிய 19 கேள்விகள் அதில் உள்ளன. அவ்விடைகள் ஏழு கூறுகளாகத் தொகுக்கப்படுகின்றன: உறக்கம் பற்றிய சொந்த மதிப்பீடு, உறங்கத் தொடங்க ஆகும் நேரம், உறங்கும் நேர அளவு, படுக்கையில் கழித்த நேரத்தில் உண்மையில் உறங்கிய பங்கு, இடையூறுகள், உறக்க மாத்திரையின் பயன்பாடு, பகல்நேரச் செயல்பாட்டில் ஏற்படும் தளர்ச்சி. ஒவ்வொரு கூறுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் உண்டு, மொத்தம் 21. மதிப்பெண் ஏற ஏற உறக்கம் மோசம் என்று பொருள். 5-ஐத் தாண்டினால் அவர் ‘மோசமாக உறங்குபவர்’ என்ற வகையில் சேர்க்கப்படுகிறார்.

நீலகிரியில் இந்தக் குறியீட்டைப் பயன்படுத்துவோர் முதலில் நின்று பார்க்க வேண்டியது அதன் ஐந்தாவது கேள்வியை. நள்ளிரவில் விழிப்பு, கழிப்பறைக்கு எழுதல், மூச்சுத் திணறல், இருமல் அல்லது குறட்டை, கெட்ட கனவு, வலி என்று உறக்கத்தைக் கெடுக்கும் காரணங்களை வரிசையாகக் கேட்கும் அந்தக் கேள்வியில், ‘மிகவும் குளிராக உணர்ந்தேன்’ என்பதும் ‘மிகவும் வெப்பமாக உணர்ந்தேன்’ என்பதும் தனித்தனி உருப்படிகளாக உள்ளன. கடந்த மாதத்தில் இல்லவே இல்லை, வாரத்துக்கு ஒருமுறைக்கும் குறைவு, வாரத்துக்கு ஓரிரு முறை, மூன்று முறை அல்லது அதற்கு மேல் என்ற நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆக, குளிரைக் கேட்கும் கேள்வி கருவியிலேயே இருக்கிறது. கேட்ட பின் அந்த விடைக்கு என்ன நேர்கிறது என்பதில்தான் சிக்கல்.

ஒரு மாணவியின் ஜனவரி மாதத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். விடுதியில் இரவு 11 மணிக்குப் படுக்கிறார், காலை 6 மணிக்கு எழுகிறார். வாரத்தில் பெரும்பாலான இரவுகளில் குளிர் தாங்காமல் முக்கால் மணி நேரம் போல விழித்துக் கிடக்கிறார். இடையிலும் விழிப்பு வருவதால் உறங்குவது ஐந்தரை மணி நேரம். உறக்கம் ‘ஓரளவு மோசம்’ என்கிறார்: 2. உறங்கத் தொடங்கும் தாமதம்: 3. உறக்க அளவு ஐந்துக்கும் ஆறுக்கும் இடையில் இருப்பதால் 2. படுக்கையில் இருந்த ஏழு மணி நேரத்தில் உறங்கியது ஏறத்தாழ 79 விழுக்காடு என்பதால் 1. மாத்திரை எதுவும் இல்லை: 0. பகலில் சிறு தளர்ச்சி: 1. இனி இடையூறுகள். குளிருக்கு 3, இடைவிழிப்புக்கு 3, ஆக 6 வருகிறது. ஆனால் இந்தக் கூறில் கூட்டுத்தொகை 1 முதல் 9 வரை எதுவாயினும் மதிப்பெண் 1 மட்டுமே. மொத்தம் 10. இந்தப் பத்துக்கும் பின்னால் இருப்பது குளிர் என்ற ஒரே காரணம். ஆனால் குளிர் என்ற விடை நேரடியாகச் சென்று சேர்ந்தது 1 மட்டும் பெற்ற ஒரு கூறில். மாதத்தில் ஒருமுறை இருமியதைத் தவிர வேறு தொல்லை இல்லாத ஒருவருக்கும் அந்தக் கூறில் அதே 1 தான் கிடைக்கும். குளிரின் மீதிச் சுமை தாமதம், நேர அளவு, பங்கு, சொந்த மதிப்பீடு ஆகிய தலைப்புகளுக்குள் பிரிந்து போய்விடுகிறது. தேர்வுப் பயத்தில் விழித்துக் கிடக்கும் கோவை மாணவர் ஒருவரும் இதே 10-ஐப் பெறலாம்.

குளிர் உறக்கத்தைத் தள்ளிப்போடுவது வெறும் அசௌகரியத்தால் அல்ல. உறக்கம் வர வேண்டுமானால் உடலின் உட்புற வெப்பம் சற்றே இறங்க வேண்டும். கைகால்களின் தோலில் உள்ள இரத்தக் குழாய்கள் விரிந்து வெப்பத்தை வெளியே விடுவதன் வழியாகத்தான் அந்த இறக்கம் நிகழ்கிறது. பாதங்கள் கதகதப்பாக இருப்பவர்கள் விரைவில் உறங்குகிறார்கள் என்பதைச் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகர ஆய்வாளர்கள் 1999-இல் வெளியிட்டார்கள். சில்லிட்ட படுக்கையில் பாதத்தின் குழாய்கள் சுருங்கிக்கொள்ளும்போது இந்த வழி அடைபடுகிறது. காலுறையும் வெந்நீர்ப் பையும் போட்டுக்கொண்டு படுக்கும் மலைவாசிகளின் வழக்கத்துக்கு உடலியல் தரும் விளக்கம் இதுவே. உதகையை அடுத்த தலைகுந்தாவின் புல்வெளியில் உறைபனி படியும் மாதத்தில், சமவெளியிலிருந்து முதன்முறையாக வந்து விடுதியில் சேர்ந்த மாணவரிடம் உறக்கத் தாமதத்துக்கு 3 மதிப்பெண் பதிவானால், அதை உறக்கமின்மை நோயின் அறிகுறி என்று எழுதுவதற்கு முன் அவருடைய போர்வையைப் பற்றிக் கேட்டாக வேண்டும்.

‘நீலகிரி மாணவர்கள்’ என்று ஒரே தொகுப்பாகப் பேசுவதும் இங்கே உதவாது. உதகை ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. குன்னூர் சுமார் 1,850. கூடலூர் சுமார் 1,000 மீட்டர். கூடலூரில் வெறும் போர்வை போதும் என்னும் இரவில் உதகையில் இரண்டு கம்பளியும் போதாமல் போகலாம். எனவே படிவத்தில் கல்லூரி இருக்கும் ஊரோடு நிறுத்திவிடாமல், இரவில் உறங்கும் ஊர் எது, உறங்குவது விடுதியிலா, வாடகை அறையிலா, வீட்டிலா, அறையில் எத்தனை பேர், குளிருக்கு என்ன ஏற்பாடு என்பவற்றையும் கேட்க வேண்டும். கடைசிக் கேள்விக்கு இன்னொரு பயனும் உண்டு. மூடிய அறையில் கரியடுப்பு மூட்டிக் குளிர்காய்வது கார்பன் மோனாக்சைடு நஞ்சால் உயிரையே பறிக்கும். ‘காலையில் தலைவலியோடு எழுகிறேன்’ என்பவரும் ‘அறையில் கரி மூட்டுகிறோம்’ என்பவரும் ஒரே ஆளாக இருந்தால், ஆய்வு முடியும்வரை காத்திராமல் அந்த விடுதிக்கோ குடியிருப்புக்கோ அன்றே எச்சரிக்கை போக வேண்டும்.

மலையின் மற்ற இரவுத் தொல்லைகள் பெரும்பாலும் ஐந்தாவது கேள்வியின் கடைசியில் வரும் ‘வேறு காரணம்’ என்ற கட்டத்தில்தான் வந்து விழும். கூடலூர், பந்தலூர்ப் பகுதிகளில் யானை ஊருக்குள் இறங்கினால் அந்த இரவு முழுதும் குடியிருப்பே விழித்திருக்கும். கோத்தகிரி, குன்னூர்த் தேயிலைத் தோட்டங்களில் கரடியும் காட்டெருமையும் வீட்டு வாசல்வரை வருவது அன்றாடச் செய்தி. தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடுகளில் கழிப்பறை வெளியே இருந்தால், இருட்டில் போக அஞ்சி விடியும்வரை அடக்கிக்கொண்டு படுத்திருக்கும் பெண்கள் உண்டு. ‘கழிப்பறைக்கு எழுந்தேனா’ என்ற கேள்விக்கு அவர்கள் ‘இல்லை’ என்றே விடையளிப்பார்கள்; அந்த விடை மெய்யானது, ஆனால் உறக்கம் கெட்டது அதில் பதிவாகவில்லை. தாயும் தந்தையும் காலையிலேயே தோட்ட வேலைக்குப் போகும் வீட்டில், தண்ணீர் பிடித்துச் சமைத்துவிட்டுப் பேருந்தைப் பிடிக்கும் மகளுக்கு உறக்கம் குறைவது பழக்கக் கோளாறால் அல்ல. இவற்றையெல்லாம் எழுத ஒரே வரியை விட்டிருக்கும் படிவத்தில், செல்பேசித் திரையில் தட்டச்சு செய்யச் சோம்பி, பலர் அந்த வரியைக் காலியாகவே விட்டுவிடுவார்கள். ஊர்க்காரர்களோடு பேசி இத்தகைய காரணங்களைத் தேர்வுப் பட்டியலாக முன்கூட்டியே தருவதே முறை. ஆனால் அவை குறியீட்டின் கேள்விகளுக்குப் பின்னால் தனிப் பகுதியாக வர வேண்டும். உள்ளே செருகினால் மதிப்பெண்ணை மற்ற ஊர்களோடு ஒப்பிட முடியாமல் போகும்.

வேறு இரண்டு படிவங்களும் அடிக்கடி உடன் சேர்க்கப்படுகின்றன. கனடாவின் சார்ல்ஸ் மோரின் உருவாக்கிய உறக்கமின்மைத் தீவிரக் குறியீடு ஏழே கேள்விகள் கொண்டது, மொத்தம் 28, 15-ஐத் தொட்டால் மருத்துவக் கவனம் தேவைப்படும் நிலை எனக் கொள்ளப்படுகிறது. மெல்போர்னில் மரே ஜான்ஸ் 1991-இல் வெளியிட்ட எப்வர்த் பகலுறக்க அளவுகோல், எட்டுச் சூழல்களில் கண்ணயரும் வாய்ப்பைக் கேட்கிறது. அவற்றுள் ஒன்று, ஒரு மணி நேரம் இடைநிறுத்தமின்றிக் காரில் பயணியாகச் செல்வது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் கொண்டை ஊசி வளைவுகளில், குமட்டலை அடக்கிக்கொண்டு கம்பியைப் பிடித்திருப்பவர் ‘கண்ணயர மாட்டேன்’ என்று எழுதினால் அது விழிப்பின் சான்று ஆகாது. ஒரு சூழலை அண்மையில் சந்திக்காவிட்டாலும் அது தம்மை எப்படிப் பாதித்திருக்கும் என்று எண்ணிப் பார்த்து விடையளிக்கும்படி அந்த அளவுகோலின் முன்னுரை கேட்டுக்கொள்கிறது. சமவெளிச் சாலையை நினைத்து விடையளிக்கும்படி ஒரு குறிப்பை இதோடு சேர்த்துக்கொள்ளலாம்.

இணையவழிப் படிவத்துக்கே உரிய பிழைகளும் உண்டு, அவற்றுள் மிகச் சாதாரணமானது நேரத்தைப் பதிவதில் வருவது. படுக்கும் நேரம் 12 என்று எழுதியவர் நள்ளிரவைச் சொன்னாரா நண்பகலையா என்று கணினிக்குத் தெரியாது. ஏஎம், பிஎம் மாற்றி அழுத்தினால் ஒருவர் பத்தொன்பது மணி நேரம் படுக்கையில் கிடந்ததாகக் கணக்கு வரும். ‘10–11’ என்று எழுதுபவரும், படுக்கையில் இருந்த நேரத்தைவிட உறங்கிய நேரத்தை மிகுதியாக எழுதி நூறு விழுக்காட்டைத் தாண்டுபவரும் எந்தத் தரவிலும் இருப்பார்கள். இந்த வரிசைகளை ஓசையின்றி நீக்கிவிட்டு மீதியை அறிக்கையில் காட்டுவது நேர்மையாகாது. எத்தனை நீக்கப்பட்டன, எந்த விதிப்படி நீக்கப்பட்டன என்று சொல்ல வேண்டும். ‘இரவு 9’, ‘இரவு 9:30’ என்று தெரிவுப் பட்டியலாகக் கொடுத்தால் பிழையின் பெரும்பகுதி தொடக்கத்திலேயே நின்றுவிடும். கட்டம் கட்டமாக அமைந்த கேள்விகள் சிறிய செல்பேசித் திரையில் முழுதாகத் தெரிவதில்லை. வலப்பக்கம் தள்ளிப் பார்த்தால்தான் ‘மூன்று முறை அல்லது அதற்கு மேல்’ என்ற கட்டம் தென்படும். தள்ளிப் பாராதவர்களின் விடைகள் குறைவான பக்கமாகவே சாய்ந்துவிடும். எல்லாக் கேள்விக்கும் ஒரே கட்டத்தை அழுத்தி ஒரு நிமிடத்தில் முடித்தவரையும், படிவத்தை இருமுறை அனுப்பியவரையும் கண்டறிய வேண்டியிருக்கிறது.

இவற்றைவிடக் கனமானது, யார் விடையளித்தார்கள் என்ற கேள்வி. வாட்ஸ்அப் குழுவில் இட்ட இணைப்பை எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் திறந்தார்கள், எத்தனை பேர் பாதியில் விட்டார்கள் என்பது தெரியாவிட்டால் விழுக்காட்டுக்கு அடியில் வைக்க எண்ணே இல்லை. இணைய ஆய்வுகளை அறிக்கையிடுவதற்கென குந்தர் ஐசன்பாக் 2004-இல் வெளியிட்ட சரிபார்ப்புப் பட்டியல் இவற்றைத்தான் வலியுறுத்துகிறது. மேலும், ‘உறக்கப் பிரச்சினை பற்றிய ஆய்வு’ என்று தலைப்பிட்டால் பிரச்சினை உள்ளவரே முதலில் திறப்பார். மலையில் இதனோடு சிக்னலும் சேர்ந்துகொள்கிறது. நகரத்து விடுதி மாணவருக்கு இணைப்பு உடனே போய்ச் சேரும். தொலைவான ஹட்டியிலிருந்தோ (படுகர் சிற்றூர்), காட்டோரப் பழங்குடிக் குடியிருப்பிலிருந்தோ, தோட்ட லைனிலிருந்தோ வருபவருக்குக் கல்லூரி வளாகத்தில் இருக்கும் நேரத்தில் மட்டும்தான் அது திறக்கும். உறக்கம் எளிதில் கெடக்கூடிய சூழலில் வாழ்பவர்களே விடுபட்டுப்போகும் ஆபத்து இதில் இருக்கிறது. வருகைப் பதிவேட்டிலிருந்து மாணவர்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, கல்லூரிக் கணினி அறையில் ஒரு பாடவேளை ஒதுக்கி, அதே படிவத்தைத் தாளிலும் வைத்திருப்பது ஒன்றே இதற்கு நல்ல மாற்று. உழைப்பு கூடத்தான் செய்யும். ஆனால் அப்படிக் கிடைக்கும் இருநூறு விடைகள், குழுவில் தூவிக் கிடைக்கும் ஆயிரத்தைவிட மதிப்புள்ளவை என்றே கருதுகிறேன். கூடலூர்ப் பக்கம் மலையாளத்திலும் மற்ற இடங்களில் தமிழிலும் ஆங்கிலத்திலும் படிவம் தேவைப்படும். எந்த மொழி வடிவமாயினும் சில மாணவர்களை வாய்விட்டுப் படிக்கச் செய்து, அவர்கள் ஒவ்வொரு கேள்வியையும் எப்படி விளங்கிக்கொள்கிறார்கள் என்று கேட்டறிந்த பிறகே வெளியே விட வேண்டும்.

படிவம் அளப்பது உறக்கத்தை அல்ல, உறக்கம் பற்றிய நினைவையும் உணர்வையும். இது குறையென்று நான் சொல்லவில்லை, ஏனெனில் ஒருவர் தம் இரவை எப்படி உணர்கிறார் என்பதே பல நேரங்களில் அறிய வேண்டியது. ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. அமெரிக்காவில் நடுவயதினரிடம் செய்து 2008-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், மணிக்கட்டில் அசைவுமானி கட்டி அளந்தபோது ஐந்து மணி நேரம் உறங்கியவர்கள் தாம் உறங்குவதைச் சராசரியாக 1.2 மணி நேரம் கூட்டிச் சொல்லியிருந்தார்கள். ஏழு மணி நேரம் உறங்கியவர்கள் கூட்டிச் சொன்னது 0.4 மணி நேரமே. குறைவாக உறங்குபவரே மிகுதியாகக் கூட்டுகிறார். பிட்ஸ்பர்க் குறியீட்டின் மொத்த மதிப்பெண், அசைவுமானியின் கணக்கோடு ஒத்துப்போவதைவிட, ஒருவர் தாமே அன்றாடம் எழுதும் உறக்க நாட்குறிப்போடும் மனச்சோர்வின் அறிகுறிகளோடும் நெருங்கி நிற்கிறது என்று 2006-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. எனவே உயர்ந்த மதிப்பெண்ணைக் கண்டால் உறக்கத்தை மட்டுமல்லாமல் மனத்தையும் பார்க்க வேண்டியிருக்கிறது. தவிர, ‘வழக்கமாக’ என்று கேட்கும்போது கல்லூரி நாளும் விடுமுறை நாளும் ஒன்றாகக் கலந்துவிடும். ஜெர்மனியின் டில் ரோனெபெர்க் குழுவினர் 2003-இல் தந்த, ஒருவர் இயல்பாக உறங்கி எழும் வேளையை அறியும் மியூனிக் காலவகைப் படிவம் இரண்டையும் தனித்தனியே கேட்பதற்குக் காரணம் இதுவே. முதல் பேருந்துக்காக விடியுமுன் எழுந்து, ஞாயிறன்று அந்தக் கடனைத் தீர்க்கும் மாணவரை இந்தப் பிரிப்புதான் வெளிக்கொணரும்.

‘5-ஐத் தாண்டினால் மோசம்’ என்ற எல்லையையும் அதன் பிறப்பிடத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டும். மூல ஆய்வில் இருந்தவர்கள் 148 பேர். நலமாக உறங்குவோர் ஒருபுறமும், மனச்சோர்வும் உறக்கக் கோளாறும் கொண்ட நோயாளிகள் மறுபுறமும். அவ்விரு கூட்டத்தையும் பிரிப்பதில் அந்த எல்லை நோயாளிகளில் 89.6 விழுக்காட்டினரையும் நலமானவர்களில் 86.5 விழுக்காட்டினரையும் சரியாக இனங்கண்டது. இதே திறனோடு ஒரு கல்லூரியில் அது செயல்படுவதாகவே வைத்துக்கொள்வோம். நூறு பேரில் இருபது பேருக்கு உண்மையில் கோளாறு இருந்தால், அவர்களில் 18 பேரைப் பிடிக்கும். நலமான எண்பது பேரிலிருந்தும் 11 பேரைச் சேர்த்துப் பிடிக்கும். ஆக எல்லையைத் தாண்டிய 29 பேரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கோளாறு இல்லாதவர்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் 1,125 மாணவர்களிடம் இணையவழியே நடத்தி 2010-இல் வெளியிட்ட ஆய்வில் அறுபது விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் இந்த எல்லைக்கு அப்பால் இருந்தார்கள். அறுபது விழுக்காட்டினரும் நோயாளிகள் என்று அதைப் படிக்கக் கூடாது. பதினெட்டு வயதின் வாழ்க்கை முறையும் அந்த எண்ணில் கலந்திருக்கிறது. அதேபோல் உதகையின் எண்ணில் பருவம் கலந்திருக்கும். பருவத் தேர்வுக்கு முந்தைய மாதத்தில் நடத்தினால் தேர்வையும், ஜனவரியில் நடத்தினால் பனியையும், மே மாதச் சீசனில் நடத்தினால் பகுதிநேர வேலைக்குப் போகும் மாணவரின் களைப்பையும் அது தாங்கி நிற்கும். கோவைக் கல்லூரியோடு ஒப்பிட விரும்புபவர் இரண்டு இடத்திலும் ஒரே வாரத்தில், ஆண்டில் குறைந்தது இருமுறை படிவத்தைத் தந்து, ஏழு கூறுகளையும் தனித்தனியே வெளியிட்டால்தான் பனிக்காலத்தில் ஏறி வெயில்காலத்தில் இறங்கும் பகுதி எது, ஆண்டு முழுதும் இறங்காத பகுதி எது என்று தெரியவரும். அவ்வாறு இறங்காமல் நிற்கும் பகுதிதான் மருத்துவரின் கவனத்துக்கு உரியது. ஏறி இறங்கும் பகுதி விடுதிப் பொறுப்பாளருக்கும் கல்லூரி முதல்வருக்கும் உரியது.

விடையளித்தவரின் மறைவைக் காப்பதில் மலைக் கல்லூரிக்குக் கூடுதல் பொறுப்பு உண்டு. துறை, ஆண்டு, பால், சமூகம், ஊர் என்ற ஐந்தையும் கேட்டுவிட்டுப் பெயரைக் கேட்கவில்லை என்று ஆறுதல் கொள்ள முடியாது. முப்பது பேர் உள்ள வகுப்பில் ஒரே ஒரு தோடர் மாணவியோ, ஒரே ஒரு காட்டுநாயக்கர் மாணவரோ இருந்தால் அந்த வரிசையே அவருடைய பெயர். சமூகத்தைக் கேட்கத் தேவையில்லாத ஆய்வு அதைக் கேட்காமலிருப்பதே நல்லது. கேட்டால், சிறிய தொகுதிகளை அட்டவணையில் ஒன்றாகச் சேர்த்துக் காட்ட வேண்டும். மின்னஞ்சல் முகவரியைத் தானாகச் சேகரிக்கும் வசதி படிவத்தில் நிறுத்தப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும், ஏனெனில் தம் ஆசிரியர் படிப்பார் என்று எண்ணும் மாணவர் மாத்திரைக் கேள்விக்கு மெய் சொல்லத் தயங்குவார். முதலாண்டு மாணவர்களில் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் இருப்பார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி அவர்களுடைய இசைவோடு பெற்றோரின் ஒப்புதலும் தேவை. இவ்வளவும் செய்து பெயரற்ற படிவமாக அமைத்துவிட்டால், உறக்கமின்மைக் குறியீட்டில் 22-ஐத் தாண்டிய ஒருவரை அழைத்துப் பேச ஆய்வாளருக்கு வழி இருக்காது. ஆகவே விடைகளை அனுப்பியதும் வரும் கடைசித் திரையில், அவரவர் மதிப்பெண் எதுவாயினும் எல்லோருக்கும், கல்லூரி ஆலோசகரைச் சந்திக்கும் இடமும் நேரமும், 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்னும் அரசு மனநல உதவித் தொலைபேசியின் 14416 என்ற எண்ணும் தோன்ற வேண்டும். தாளில் விடையளித்தவருக்கு அதே விவரத்தைக் கையோடு எடுத்துச் செல்லும் துண்டுச்சீட்டாகத் தர வேண்டும்.